மெட்டில்லாத பேஸ்: குறைந்த விலை ஃப்ரெட்லெஸ் கித்தார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். சபையின் பாடகர் குழுவில் 11 வருடமாக பேஸ், அதாவது அடிச்சுரம் வாசிக்கும் நாலு கம்பிக் கித்தார், வாசிக்கிறேன். அதில் கடைசி 6 வருடம் ஃப்ரெட்லெஸ் மட்டும்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து கேபிளைச் சுருட்டும் நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். பக்கத்து சபைப் பிள்ளைகள் வருவார்கள், பாறசாலைப் பக்கத்து மலையாளிப் பையன்களும் வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நான் நின்று சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஃப்ரெட்லெஸ் என்றால் சரியாக என்ன?

சாதாரண பேஸின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். அதுதான் ஃப்ரெட். வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். விரல் அதற்குப் பின்னால் எங்கே அழுத்தினாலும் சுரத்தை முடிவு செய்வது மெட்டுதான். ஃப்ரெட்லெஸில் அது கிடையாது. வயலின் மாதிரி வெறும் மரப்பலகை. விரல் விழும் இடம்தான் சுரம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம், நடுவில் எங்கேயும் நிற்கலாம். சுதந்திரம் முழுக்க உங்களுக்கு, பிசகினால் பொறுப்பும் முழுக்க உங்களுக்கு.

விலை குறைந்த கித்தாரில் இது எடுபடுமா? தரமானது வாங்கப் பணம் சேர்ந்த பிறகு பார்க்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

மலிவான கித்தாரில் முதலில் காட்டிக்கொடுப்பது ஃப்ரெட் வேலை. ஒன்று உயர்ந்திருக்கும், ஒன்று தாழ்ந்திருக்கும், ஓரம் கையைக் கிழிக்கும். அதைச் சமப்படுத்துவது கைவேலை, நேரம் பிடிக்கும், அதனால்தான் விலை குறைந்த கித்தாரில் அந்த வேலையைக் குறைத்துவிடுகிறார்கள். ஃப்ரெட்டே இல்லாதபோது அந்தக் குறையும் இல்லை. மீதி இருப்பது கழுத்து, நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு), பிரிட்ஜ் (உடல்பக்கம் கம்பியைத் தாங்குவது), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது). கழுத்து நேராக இருந்தால் மற்ற மூன்றையும் சரிசெய்ய முடியும், தேவைப்பட்டால் மாற்றவும் முடியும்.

இந்த வாத்தியத்தின் பிறப்பே அப்படித்தான். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த பில் வைமன், 1961 வாக்கில் ஒரு மலிவான பேஸின் தேய்ந்த ஃப்ரெட்டுகளைப் பிடுங்கினார். புதியது போடுவதுதான் எண்ணம். பிடுங்கிய பின் கேட்ட ஒலி பிடித்துப்போக, அப்படியே விட்டுவிட்டார். ஆம்பெக் நிறுவனம் 1966-இல்தான் ஃப்ரெட்லெஸைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஃபெண்டர் 1970-இல்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

என் கணக்கைச் சொல்கிறேன். ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வடிவத்தில் ஒரு பழைய கித்தார், திருவனந்தபுரத்தில் கைமாற்றாக வாங்கியது, 8,500 ரூபாய். ஃப்ரெட் எடுத்துப் பலகையைத் தேய்த்துச் சமன் செய்ய 3,000. ஃப்ளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய) கம்பி ஒரு செட் 3,400. ஆக 14,900. இன்றைக்கு விலை கூடியிருக்கும். ஆனால் பங்கீட்டைப் பாருங்கள்: கித்தாருக்குக் கொடுத்ததில் முக்கால் பங்கை அதைச் சரிசெய்வதற்கும் கம்பிக்கும் செலவழித்திருக்கிறேன். இன்று மறுபடி தொடங்கினாலும் இதே பங்கில்தான் செலவழிப்பேன். 15,000 ரூபாயையும் கித்தாருக்கே கொடுத்துவிட்டு, அதில் வந்த கம்பியோடு வாசிக்கிறவர்கள்தான் இரண்டு மாதத்தில் மூடி வைக்கிறார்கள்.

புதிதாகவே வேண்டும் என்றால், ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசையில் 60-களின் ஜாஸ் பேஸ் ஃப்ரெட்லெஸாகவே வந்திருக்கிறது. அதன் விரல்பலகை இந்தியன் லாரல் என்ற மரம். பெயர் புதிதாகத் தெரிந்தாலும் அது நம் கருமருதுதான். ஈட்டி இனத்து மரங்களுக்கு 2017-இல் உலக வணிகக் கட்டுப்பாடு வந்தபோது பல கம்பெனிகள் இதுபோன்ற மரங்களுக்கு மாறின. இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது, ஆனாலும் மாறியவர்கள் பலர் மாறியபடியே இருக்கிறார்கள்.

பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கழுத்தை. மற்றதெல்லாம் அப்புறம். கித்தாரின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறி பார்ப்பது போலக் கழுத்து நெடுகப் பாருங்கள். இரண்டு ஓரமும் இணையாகப் போக வேண்டும். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வளைவு மட்டும் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்யலாம், ஆனால் அந்த ராட் திரும்புகிறதா என்று அங்கேயே ஆலன் கீ போட்டுப் பார்த்துவிடுங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் கதை முடிந்தது. நம் கடற்காற்றில் அது அடிக்கடி நடக்கும்.

ஃப்ரெட்டை வீட்டிலேயே பிடுங்கலாமா?

பிடுங்கலாம். பொறுமைதான் வேண்டும். சால்டரிங் அயர்னை ஒவ்வொரு ஃப்ரெட்டின் மேலும் வைத்துச் சூடாக்குங்கள். பழைய பசை இளகும். பிறகு வாய் தட்டையான குறடால் ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக்கொண்டே போங்கள். வெடுக்கென்று இழுத்தால் மரத்தின் ஓரம் சில்லாகப் பெயர்ந்து வரும். பெயர்ந்த சில்லை வீசிவிடாமல் அங்கேயே ஒட்டுங்கள்.

இனி அந்தப் பள்ளங்களை அடைக்க வேண்டும். இங்கேதான் நான் ஒரு முறை நன்றாக அடிபட்டேன். நான் கொடுத்த பட்டறையில் மரச்சாமான் ஓட்டையை அடைக்கும் பேஸ்ட்டைப் போட்டு நிரப்பிக் கொடுத்தார்கள். பங்குனியில் வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கி மூன்றாவது வாரம், 20 பள்ளத்தில் ஏழெட்டு உப்பி மேலே வந்துவிட்டன. விரலை ஓட்டினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. கம்பியும் அந்த மேடுகளில் தட்டி இரைந்தது. பிறகு எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், ஜன்னல் வேலையை நிறுத்தி வைத்துவிட்டு, முழுவதையும் சுரண்டி எடுத்தார். மெல்லிய வெனீர்ப் பட்டையைப் பள்ளத்தின் அகலத்துக்குச் சீவி, ஒவ்வொன்றாகப் பசை போட்டு இறக்கினார். பட்டை தானாக உள்ளே இறங்கக்கூடாது, தட்டினால் விழக்கூடாது, கட்டை விரலால் அழுத்தினால் போக வேண்டும் என்றார். ஆறு வருடம் ஆகிறது, ஒன்றும் அசையவில்லை.

அடைத்த பின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பலகை தட்டையானது அல்ல, மேலே மெல்லிய வளைவு உண்டு. தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் அந்த வளைவு போய்விடும். அதே வளைவில் குடைந்த கட்டை வேண்டும். கடைசியாக நட்டின் வெட்டுகளை ஆழப்படுத்துங்கள். ஃப்ரெட் இருந்தபோது கம்பி அதன் உயரத்துக்கு மேலே போனது, இப்போது அந்த ஒரு மில்லிமீட்டர் வெறும் இடைவெளி. நட்டைத் தாழ்த்தாமல் விட்டால் முதல் சில சுரங்களை அழுத்தவே கை வலிக்கும்.

பலகைக்கு மேலே எப்பாக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) பூச வேண்டுமா?

ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடுவதாக இருந்தால் தேவையில்லை. பூச்சு வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. ஃப்ரெட்லெஸ் வாசிப்பில் பெயர் பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸ் படகுக்குப் பூசும் எப்பாக்சியைப் பூசினார் என்று படித்துவிட்டு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் ஃபைபர் படகுக்கு வைத்திருக்கும் ரெசினை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பொதுவாக இருப்பது பாலியஸ்டர் ரெசின். அது வேறு பொருள். எண்ணெய்ப் பசை உள்ள ஈட்டி போன்ற மரத்தில் அது நிலைத்துப் பிடிக்காது.

கோடு போட்டது நல்லதா, கோடில்லாததா?

ஃப்ரெட் இருக்க வேண்டிய இடங்களில் கோடு போட்டதை வாங்குங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை. மங்கலான வெளிச்சத்தில், பாட்டு ஓடும்போது, நீண்ட தாவலுக்குப் பிறகு எங்கே இறங்குவது என்று கண் ஒரு நொடி தேடும். அந்த நொடிக்குக் கோடு உதவும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பக்கவாட்டில் இருக்கும் புள்ளிகள், சாதாரண பேஸில் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் இருக்கும். ஃப்ரெட்லெஸாகவே தயாரானதில் பெரும்பாலும் புள்ளி சுரத்தின் இடத்திலேயே, கோட்டுக்கு நேரே இருக்கும். நாம் பிடுங்கி மாற்றிய கித்தாரில் புள்ளிகள் பழைய இடத்திலேயே நிற்கும். புள்ளியை நம்பி விரல் வைத்தால் ஏறத்தாழ கால் சுரம் இறங்கி ஒலிக்கும். நான் முதல் நாளே அவற்றை மறைத்து, கோட்டுக்கு நேரே வெள்ளை நெயில் பாலிஷில் புதுப் புள்ளி வைத்தேன்.

விரலைச் சரியாக எங்கே வைப்பது?

கோட்டின் மேலேயே. சாதாரண பேஸில் பழகியவர்கள் கோட்டுக்குப் பின்னால் வைப்பார்கள், அதனால்தான் அவர்கள் வாசிப்பு எப்போதும் ஒரு நூல் இறங்கியே இருக்கும்.

இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால் கை பயப்படாது. 34 அங்குல அளவுள்ள பேஸில் நட்டிலிருந்து முதல் கோடு 48.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 12-ஆவது கோட்டுக்கு அடுத்த இடைவெளி அதில் பாதிதான், 24 மில்லிமீட்டர் சுமார். ஒரு அரைச்சுரத்தை 100 செண்ட் என்று வைத்தால், முதல் கோட்டருகில் ஒரு மில்லிமீட்டர் பிசகு 2 செண்ட், 12-ஆவது கோட்டருகில் அதே பிசகு 4 செண்ட். மேலே போகப் போக விரல் இன்னும் துல்லியமாக விழ வேண்டும். கீழே அகலம் அதிகம் என்பதால் நாலு விரலுக்கு நாலு கோடு என்று பிடிக்காதீர்கள். ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால் மூன்று கோடு மட்டும் பிடியுங்கள், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கட்டும். இது டபுள் பேஸ்காரர்களின் வழக்கம். மணிக்கட்டுக்கு நல்லது.

சுருதி சேர எப்படிப் பயிற்சி செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

ட்யூனரைக் கண்ணால் பார்த்துப் பயிற்சி செய்யாதீர்கள். கித்தாரின் கம்பிகளைச் சுருதி கூட்ட அது போதும், அதோடு அணைத்துவிடுங்கள். போனில் தம்புரா செயலி எதையாவது இறக்கி, 6 கட்டையில் வையுங்கள். 6 கட்டை என்றால் ஏ. உங்கள் மூன்றாவது கம்பி திறந்தபடியே அந்தச் சுருதிதான். பேஸின் நாலு கம்பியும் (ஈ, ஏ, டி, ஜி) தடித்ததிலிருந்து 3, 6, 2, 5 கட்டை என்று ஓர்மையில் வைத்துக்கொள்ளுங்கள், பாடகர்களோடு பேச வசதி. ஆனால் போன் ஸ்பீக்கரில் அடிச்சுரம் கேட்காது. தடித்த கம்பியின் அதிர்வு நொடிக்கு 41 தடவைதான், அந்தச் சிறிய ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. ஹெட்போன் போடுங்கள்.

இனி மூன்றே மூன்று சுரம். ஏ கம்பியைத் திறந்தபடி சட்ஜம். டி கம்பியில் இரண்டாவது கோடு பஞ்சமம். ஜி கம்பியில் அதே இரண்டாவது கோடு மேல் சட்ஜம். ஒவ்வொன்றையும் நான்கு மூச்சு நீளத்துக்கு நிறுத்துங்கள். பஞ்சமம் கொஞ்சம் விலகினாலும் தம்புராவோடு சேர்ந்து ஒரு அலை கேட்கும், வவ்வவ்வவ் என்று. விரல் நுனியை நகர்த்தாமல் உருட்டுங்கள். அலை மெதுவாகும், பிறகு நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒலி திடீரென்று பெரிதாகி, கித்தாரின் முதுகு வயிற்றில் அதிர்வதை உணர்வீர்கள். முதல் தடவை அது நிகழ்ந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் கால் மணி நேரம் அந்த ஒரே சுரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி அந்த இடத்துக்குக் கையைத் திரும்பக் கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நாளைக்கு நாலாவது சுரம்.

தினமும் 20 நிமிடம் போதும். ஞாயிறு மட்டும் 3 மணி நேரம் வாசிப்பதால் காது வளராது.

கீபோர்டோடு வாசிக்கும்போது சுருதி ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது?

தம்புராவோடு பழகிய காது இனிமையான காந்தாரத்தைத் தேடும். சுத்தமான அந்தர காந்தாரம் கீபோர்டில் உள்ளதைவிட ஏறத்தாழ 14 செண்ட் கீழே இருக்கிறது. சட்ஜம் சி என்றால், டி கம்பியின் இரண்டாவது கோட்டில் அந்த வித்தியாசம் 6 மில்லிமீட்டர். கீபோர்டு ஓங்கி ஒலிக்கும் பாட்டில் கோட்டின் மேலேயே நில்லுங்கள். குரல்கள் மட்டும் பாடும் சரணத்தில் அந்த 6 மில்லிமீட்டர் பின்னால் வந்து பாருங்கள், பாடுகிறவர்களின் முகமே மாறும்.

எந்தக் கம்பி?

ஃப்ளாட்வவுண்ட். மேலே சுற்றிய உலோகம் ரிப்பன் போலத் தட்டையாக இருக்கும், பலகையை அறுக்காது, விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம் வராது. விலை கூட, ஆனால் வருடக்கணக்கில் வரும். என் செட்டுக்கு இது நாலாவது வருடம். இழுவை சற்று அதிகம் என்பதால் போட்டவுடன் கழுத்தை ஒருமுறை பாருங்கள். ரவுண்ட்வவுண்ட் போட்டால் ஒலி பளிச்சென்று பாடும், அதற்குப் பதில் மரத்தில் வரி விழும். அது வேண்டும் என்றால் ஸ்டீல் வேண்டாம், நிக்கல் வாங்குங்கள்.

அந்த "ம்வா" என்ற ஒலி, ஃப்ரெட்லெஸுக்கே உரிய அந்தக் குரல், எப்படி வருகிறது?

அழுத்திய இடத்திலிருந்து கம்பி பலகையின் மீது லேசாக உரசிக்கொண்டே அதிர்வதால். சாதாரண கித்தாரில் குறை என்று சொல்லும் உரசல்தான் இங்கே குரலாகிறது. எனவே கம்பி தாழ்ந்திருக்க வேண்டும், கழுத்து கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். தடித்த கம்பியை முதல் கோட்டிலும் கடைசிக் கோட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாவது கோட்டருகே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும், அதைவிடக் குறைந்தாலும் நல்லது. மீட்டும் கையைப் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோங்கள், பின் பிக்கப்பைக் கூட்டுங்கள். அப்புறம், விரல் நுனியின் சதையால் அழுத்துங்கள், ஆனால் மெத்தென்று அல்ல, உறுதியாக.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது கழுத்து அசையும். என் கித்தார் ஆனியில் பின்னால் வளைந்து, கம்பி பலகையில் படுத்துவிடும். மாசியில் முன்னால் வரும். வருடம் இரண்டு தடவை ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்புகிறேன். ஒரு நாளில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், மரம் மெல்ல மெல்லத்தான் நிலைகொள்ளும். பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போடுங்கள், கித்தாரை வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது காயாது, பிசுபிசுக்கும், நாளானால் சிக்கு நாற்றம் வரும்.

ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து) வாசிக்கலாமா?

வாசிக்கலாம். எனக்கு அதில் மனம் இல்லை. அதற்கு ஃப்ரெட் உள்ளதே மேல்.

வெளி மேடையில் வாசிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எர்த். கன்வென்ஷன் பந்தல்களில் ஜெனரேட்டரிலிருந்து இழுத்த லைனில் எர்த் இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. கம்பியைப் பிடித்தபடி உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. தொடங்கும் முன் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை யாரும் வெட்ட விடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் ஒலி உங்களுக்குக் கேட்க வேண்டும். மானிட்டர் தர மாட்டார்கள் என்றால் ஆம்புக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். தன் சுரம் கேட்காமல் ஃப்ரெட்லெஸ் வாசிக்க யாராலும் முடியாது.

எல்லாப் பாட்டுக்கும் வழுக்கி வழுக்கி வாசிக்கலாமா?

கூடாது. வரிக்கு ஒன்று போதும், அதுவும் குரல் மூச்சு வாங்கும் இடத்தில். வேகமான துதிப்பாட்டில் டிரம்காரரின் கால் அடியோடு நேராக நில்லுங்கள். மெதுவான பாமாலையில், கடைசிச் சுரத்தைக் கீழிருந்து மெல்ல ஏறிப் பிடித்து, பிடித்த பின் விரலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். வயலின்காரர்கள் செய்வது போல, கம்பியின் நீளவாக்கில். குறுக்கே இழுத்து ஆட்டினால் பயனில்லை.

கர்னாடக கமகம் இதில் வருமா?

வரும், அளவோடு. வீணையில் மெட்டு உண்டு, அங்கே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வருகிறது. கோட்டுவாத்தியத்தில் மெட்டில்லை, கட்டையை வழுக்கி வாசிக்கிறார்கள். ஃப்ரெட்லெஸ் கோட்டுவாத்தியத்துக்கு உறவுக்காரன். ஆனால் அடிச்சுரத்தில் வேகமான அசைவு குழம்பிப் போகும். ஜி கம்பியில், ஐந்தாவது கோட்டுக்கு மேலே முயலுங்கள்.

யாரைக் கேட்டுக் கற்பது?

ஜாக்கோ பாஸ்டோரியஸ். ஃப்ரெட் நீக்கிய 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் 1976-இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பிலிருந்துதான் பலருக்கு இந்த வாத்தியம் தெரியவந்தது. பினோ பல்லாடினோ, மிக் கார்ன் இருவரும் 80-களில் ஆளுக்கொரு குரலில் வாசித்தார்கள். ஜாக்கோவின் வேகத்தை விடுங்கள். ஒரு சுரத்தை அவர் எப்படி முடிக்கிறார் என்று கேளுங்கள்.

எத்தனை நாளில் சபையில் வாசிக்கலாம்?

எனக்கு எட்டு மாதம் ஆனது. அதற்கு முன்பே ஒரு ஞாயிறு துணிந்து எடுத்துப் போனேன். பாட்டு முடிந்ததும், 40 வருடமாக சோப்ரானோ பாடும் மூத்த அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து, "இறங்கி நிக்குது மக்களே, ஒவ்வொண்ணும் ஒரு நூல் இறங்கி நிக்குது" என்று தணிந்த குரலில் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். விரல் கோட்டுக்குப் பின்னால்தான் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறுகளில் பழைய ஃப்ரெட் பேஸையே வாசித்தேன், வீட்டில் தம்புராவோடு இதை. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு ஒரே ஒரு பாமாலைக்கு மறுபடி எடுத்தேன். எட்டு சுரம் மட்டுமே வரும் பாட்டு. அந்த அக்கா திரும்பிப் பார்க்காமல் பாடிக்கொண்டே இருந்தார்.